நானோ துகள் கலந்த குளிர்விப்புத் திரவமும் மசகு எண்ணெயும்: ஆய்வைத் தொடங்குபவருக்கு முழுமையான வழிகாட்டி

வெப்பத்தை அள்ளிச் செல்லும் திரவத்திலோ, உராயும் இரண்டு உலோகங்களுக்கு நடுவே ஓடும் எண்ணெயிலோ சில பத்து நானோமீட்டர் அளவுள்ள துகள்களைக் கலந்தால் என்ன ஆகும்? இந்த ஒரு கேள்வியைச் சுற்றி ஆயிரக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகள் வந்துவிட்டன. பத்தைப் படித்தால், பத்தும் "வெப்பக் கடத்துத்திறன் கூடியது, உராய்வு குறைந்தது" என்றே சொல்லும். நூறைப் படித்த பிறகுதான் அவற்றின் எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்பது கண்ணில் படும். ஒரே துகள், ஒரே அளவு, ஒரே திரவம். ஒருவருக்கு 3 சதவீத உயர்வு, இன்னொருவருக்கு 30.

இந்த வேறுபாட்டுக்குப் பெரும்பாலும் துகள் காரணமில்லை. எதோடு ஒப்பிட்டார்கள், ஒப்பிடும்போது எதை மாறாமல் வைத்தார்கள் என்பதுதான் காரணம். கீழே உள்ள படிகள் எல்லாமே இந்த ஒரு விஷயத்தைக் கவனத்தில் வைத்து எழுதப்பட்டவை. முதுநிலை அல்லது முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்குபவர்கள், ஆய்வகத்தில் முதல்முறையாக நானோ திரவம் கலக்கப் போகிறவர்கள் படித்துப் பயன்படுத்தலாம்.

இறங்குமுன் தெரிந்திருக்க வேண்டிய வரலாறு

திரவத்தில் திடத் துகளைக் கலந்தால் கடத்துத்திறன் எவ்வளவு மாறும் என்பதற்கான சமன்பாட்டை மேக்ஸ்வெல் 1873-லேயே எழுதிவிட்டார். மில்லிமீட்டர், மைக்ரோமீட்டர் துகள்களை வைத்து அதைப் பயன்படுத்தப் பார்த்தவர்களுக்குத் தொல்லைதான் மிஞ்சியது. துகள் அடியில் படிந்தது, குழாயை அடைத்தது, பம்ப்பை அரித்தது. 1995-இல் அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்டீஃபன் சோய், துகளை நானோ அளவுக்குக் குறைத்தால் இந்தத் தொல்லைகள் போய்விடும் என்று முன்வைத்து, அப்படிப்பட்ட கலவைக்கு 'நானோஃபுளூயிட்' என்று பெயரிட்டார்.

அப்புறம் வந்த முடிவுகள் எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தன. 2001-இல் அதே ஆய்வகத்தினர், எத்திலீன் கிளைக்காலில் கன அளவில் வெறும் 0.3 சதவீதம் செம்பு நானோ துகள் கலந்தபோது கடத்துத்திறன் 40 சதவீதம் வரை கூடியதாக வெளியிட்டார்கள். 2003-இல் சென்னை ஐஐடியைச் சேர்ந்த சரித் குமார் தாஸும் உடன் ஆய்வாளர்களும், அலுமினா, செம்பு ஆக்சைடு கலந்த நீரில் இந்த உயர்வு 21 டிகிரியிலிருந்து 51 டிகிரி செல்சியஸுக்குப் போகும்போது இரண்டு முதல் நான்கு மடங்காகிறது என்று காட்டினார்கள். மேக்ஸ்வெல் கணக்குக்குள் அடங்காத ஏதோ ஒன்று நடக்கிறது என்ற நம்பிக்கை பரவியது.

அதைச் சோதிக்கத்தான் முப்பதுக்கும் மேற்பட்ட ஆய்வு நிறுவனங்கள் சேர்ந்து, ஒரே மாதிரிகளைப் பங்கிட்டுக்கொண்டு, வெவ்வேறு முறைகளில் அளந்து பார்த்தன. பூவோன்ஜோர்னோ தலைமையில் 2009-இல் வெளியான அந்தக் கூட்டு ஆய்வின் முடிவு: பெரும்பாலான அளவீடுகள் சராசரியிலிருந்து 10 சதவீதத்துக்குள் அடங்கின, அந்த மாதிரிகளில் பழைய கோட்பாட்டை மீறிய உயர்வு எதுவும் தென்படவில்லை. உங்கள் ஆய்வுக்கு இது துவக்கப்புள்ளி. இதைப் படிக்காமல் துகள் வாங்கப் போகாதீர்கள்.

மேக்ஸ்வெல் சமன்பாட்டின் சுருக்கமான வடிவத்தை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். திரவத்தைவிட மிக நன்றாகக் கடத்தும், கோள வடிவமான, ஒன்றோடொன்று ஒட்டாத துகள்கள் என்றால், கன அளவில் 1 சதவீதம் சேர்த்தால் கடத்துத்திறன் ஏறக்குறைய 3 சதவீதம் கூடும். இது வெறும் மூன்று மடங்கு விதி. துகள் அலுமினாவா செம்பா என்பது இதில் பெரிய வித்தியாசம் தராது. இரண்டுமே நீரைவிடப் பல மடங்கு அதிகம் கடத்துபவை என்பது போதும். உங்கள் அளவீடு இதைவிட ரொம்ப மேலே போனால், கொண்டாடுவதற்கு முன் கருவியைச் சரிபாருங்கள். நீண்ட கார்பன் நானோகுழாய்களுக்கும் சங்கிலிபோல் கோத்துக்கொண்ட துகள் திரள்களுக்கும் இந்த விதி பொருந்தாது. அங்கே உயர்வு உண்மையாகவே கூடுதலாக இருக்கலாம். ஆனால் அதற்கான விலையைப் பாகுநிலையில், அதாவது திரவம் ஓட்டத்துக்குக் காட்டும் தடையில், கொடுக்க வேண்டியிருக்கும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

படி 1: பயன்பாட்டிலிருந்து பின்னோக்கி வாருங்கள்

பலர் தொடங்குவது "என்னிடம் கிராஃபீன் இருக்கிறது, எதில் போடலாம்?" என்று. அதைத் திருப்புங்கள். எந்தக் கருவியில், எந்த வெப்பநிலையில், எந்த ஓட்டத்தில் வேலை செய்யும் திரவம் இது என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

நீர் தோற்கடிக்கக் கடினமான எதிரி. 25 டிகிரியில் அதன் கடத்துத்திறன் ஒரு மீட்டர் கெல்வினுக்கு 0.6 வாட்; எத்திலீன் கிளைக்காலுக்கு 0.25 தான், எண்ணெய்களுக்கு 0.13 முதல் 0.15. வெப்ப ஏற்புத்திறனிலும் நீருக்குப் பக்கத்தில் யாரும் வர முடியாது. நீர் போகக்கூடிய இடத்தில் நானோ துகளால் கிடைக்கும் லாபம் சொற்பம் என்பது என் கருத்து. நீர் போகவே முடியாத இடங்கள்தான் சுவாரசியமானவை: மின்மாற்றி எண்ணெய், உயர் வெப்பநிலை எண்ணெய், உலோக வெட்டுத் திரவம் போன்றவை. மின்மாற்றி என்றால் இன்னொரு நிபந்தனையும் சேரும். வெப்பக் கடத்துத்திறன் கூடி மின்காப்பு போய்விட்டால் எல்லாம் வீண். அங்கே செம்பும் கிராஃபீனும் கதவுக்கு வெளியே. அலுமினாவும் போரான் நைட்ரைடும் உள்ளே.

துகளைத் தேர்ந்தெடுக்கும்போது கடத்துத்திறன் அட்டவணையை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். மூன்று மடங்கு விதியை நினைவில் வைத்தால், 400 வாட் கடத்தும் செம்புக்கும் 30, 40 வாட் கடத்தும் அலுமினாவுக்கும் குறைந்த செறிவில் வித்தியாசம் அற்பம். செம்பு காற்றில் ஆக்சிஜனேற்றமும் அடையும். திரவத்தில் நிலைத்து நிற்குமா என்பதே முதல் தகுதி. தொடங்குபவருக்கு அலுமினா–நீர் நல்ல பயிற்சிக் கலவை. ஒப்பிட்டுப் பார்க்க ஏராளமான தரவு இருக்கிறது.

படி 2: எடை போட்டுக் கலப்பது, ஆனால் மூச்சில் போகாமல்

கோட்பாடுகள் கன அளவு சதவீதத்தில் பேசும். தராசு எடையில் பேசும். இந்த மாற்றத்தில்தான் முதல் குழப்பம். அலுமினாவின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 3.97 கிராம் என்று வைத்தால், கன அளவில் 0.5 சதவீதம் உள்ள 1 லிட்டர் கலவைக்கு 5 மில்லிலிட்டர் துகள், அதாவது ஏறக்குறைய 19.9 கிராம் அலுமினாவும் 995 மில்லிலிட்டர் நீரும் வேண்டும். எடையில் சொன்னால் இது கிட்டத்தட்ட 2 சதவீதம். "0.5 சதவீதம்" என்று மட்டும் எழுதிவிட்டு எடையா கன அளவா என்று சொல்லாத கட்டுரைகள் எக்கச்சக்கம். அவற்றை ஒப்பீட்டில் சேர்க்காதீர்கள்.

உலர்ந்த நானோ தூள் காற்றில் எளிதாகப் பறக்கும். புகைபோக்கிப் பெட்டிக்குள்ளோ கையுறைப் பெட்டிக்குள்ளோ எடை போடுங்கள். சாதாரண துணி முகக்கவசம் போதாது, நுண்துகள் வடிகட்டும் முகக்கவசம் வேண்டும். கார்பன் நானோகுழாய்களுக்கு அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ் 2013-இல் பரிந்துரைத்த வரம்பு, 8 மணி நேரச் சராசரியில் ஒரு கன மீட்டர் காற்றில் வெறும் 1 மைக்ரோகிராம். இந்த எண்ணே எவ்வளவு எச்சரிக்கை தேவை என்பதைச் சொல்லிவிடும். முடிந்தால் ஏற்கெனவே நீரில் கலந்து விற்கப்படும் செறிவான கூழ்மத்தை வாங்குங்கள். தூள் பறக்காது, பரவலும் மேலாக இருக்கும். ஆனால் அதில் என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

படி 3: பரப்புவதும் நிலைத்திருக்கச் செய்வதும்

இந்தப் படிக்கு உங்கள் நேரத்தில் பாதியை ஒதுக்கினாலும் தப்பில்லை. புட்டியில் "20 நானோமீட்டர்" என்று எழுதியிருப்பது தனித் துகளின் அளவு. நீரில் போட்டால் அவை திரளாகத்தான் இருக்கும். நன்றாகக் கலக்கிய பிறகும் 100, 200 நானோமீட்டர் திரள்கள் இருப்பது சகஜம்.

திரளின் அளவு ஏன் இவ்வளவு முக்கியம்? ஸ்டோக்ஸ் விதிப்படி கணக்கிட்டால், 50 நானோமீட்டர் விட்டமுள்ள அலுமினா நீரில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர்தான் இறங்கும். பிரௌனியன் அசைவு அதையும் கலைத்துவிடும். விட்டம் பத்து மடங்கானால் இறங்கும் வேகம் நூறு மடங்கு: 500 நானோமீட்டர் கெட்டித் துகள் ஒரே நாளில் 4 சென்டிமீட்டர் இறங்கிவிடும். திரளுக்குள் நீரும் இருப்பதால் உண்மை வேகம் இதைவிடக் குறைவு. ஆனாலும் திசை இதுதான்.

பரப்புவதற்குப் புரோப் சோனிகேட்டர் (மீயொலி அதிர்வால் திரள்களை உடைக்கும் கருவி) சிறந்தது. தொட்டி வகை சோனிகேட்டர் மென்மையானது, நேரம் பிடிக்கும், ஒவ்வொரு மூலையிலும் வேகம் மாறும். "30 நிமிடம் சோனிகேட் செய்தோம்" என்று எழுதினால் அதை யாராலும் திரும்பச் செய்ய முடியாது. ஒரு மில்லிலிட்டருக்கு எத்தனை ஜூல் போனது என்று எழுதுங்கள். 100 மில்லிலிட்டர் திரவத்தில் 100 வாட் உண்மையாகவே இறங்கி 10 நிமிடம் ஓடினால் அது மில்லிலிட்டருக்கு 600 ஜூல். இதில் 'உண்மையாகவே' என்ற சொல் முக்கியம்: கருவியின் திரையில் தெரியும் வாட் வேறு, திரவத்துக்குள் போகும் வாட் வேறு. வெறும் நீரில் சோனிகேட்டரை ஓட்டி, வெப்பநிலை ஏறும் வேகத்திலிருந்து உள்ளே போன ஆற்றலைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். அரை மணி நேர வேலைதான்.

பனிக்கட்டித் தொட்டியில் வைத்துக் குளிர்வித்தபடி, விட்டுவிட்டு இயக்குங்கள். புரோப்பின் டைட்டானியம் முனை மெல்ல அரித்துத் திரவத்தில் கலக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். டைட்டானியா துகளை வைத்து ஆய்வு செய்பவர்கள் இதில் குறிப்பாகக் கவனமாக இருக்க வேண்டும். நானோகுழாய்களை அளவுக்கு மீறி சோனிகேட் செய்தால் அவை துண்டு துண்டாக உடைந்து, எந்த நீளத்துக்காக அவற்றை வாங்கினீர்களோ அதுவே போய்விடும்.

பரப்பிய துகள் மறுபடி ஒட்டாமல் இருக்க இரண்டு வழி. ஒன்று மின்விலக்கம். ஒவ்வொரு ஆக்சைடுக்கும் மேற்பரப்பு மின்சுமை பூஜ்யமாகும் ஒரு பிஎச் உண்டு: அலுமினாவுக்கு 9-க்குப் பக்கம், டைட்டானியாவுக்கு 6-க்குப் பக்கம், சிலிக்காவுக்கு 2-க்குப் பக்கம். அந்தப் பிஎச்சிலிருந்து எவ்வளவு தள்ளிப் போகிறீர்களோ அவ்வளவு விலக்கம். அலுமினாவை பிஎச் 4, 5-இல் வைத்தால் நன்றாக நிற்கும். ஆனால் அதே அமிலம் உங்கள் செம்புக் குழாயையும் அலுமினியத் தகட்டையும் தின்னும். ஆய்வகக் குடுவையில் ஜெயிக்கும் பல கலவைகள் உண்மைக் கருவியில் தோற்பது இங்கேதான்.

இரண்டாவது வழி சர்ஃபாக்டன்ட் (சோப்புபோல் துகளின் மேல் ஒட்டும் பொருள்) அல்லது பாலிமர் உறை. நானோகுழாய்களுக்கு அரபிக் கோந்துகூட நன்றாகவே வேலை செய்கிறது. இதிலும் சங்கடம் உண்டு: சூடாக்கினால் உறை கழலும், ஓட்டத்தில் நுரை வரும், பாகுநிலையும் மாறும். ஆகவே சர்ஃபாக்டன்ட் மட்டும் சேர்த்த, துகள் இல்லாத திரவத்தையும் ஒரு தனி மாதிரியாகத் தயாரித்து, எல்லாச் சோதனைகளையும் அதற்கும் செய்யுங்கள். இந்த ஒரு மாதிரி இல்லாத கட்டுரையில் எந்த விளைவு துகளால் வந்தது, எது சோப்பால் வந்தது என்று சொல்லவே முடியாது.

நிலைத்தன்மையை அளக்க ஒரே ஒரு எண்ணை நம்ப வேண்டாம். துகள்களின் மின்விலக்கத்தைக் காட்டும் ஜீட்டா மின்னழுத்தம் 30 மில்லிவோல்ட்டுக்கு மேலோ மைனஸ் 30-க்குக் கீழோ இருந்தால் நல்லது என்பது பொதுவான அளவுகோல். ஆனால் பாலிமர் உறையால் நிற்கும் துகளுக்கு அது பொருந்தாது. ஒளிச்சிதறல் முறையில் அளவு பார்க்கும்போது, சிதறல் விட்டத்தின் ஆறாம் அடுக்கோடு ஏறும் என்பதால், விரல்விட்டு எண்ணக்கூடிய பெரிய திரள்களே மொத்த முடிவையும் இழுத்துக்கொள்ளும். அளக்க நீர்த்துப்போகச் செய்யும்போது அதே பிஎச் உள்ள நீரையே சேருங்கள். வெறும் நீரை ஊற்றினால் நீங்கள் அளப்பது வேறொரு கலவையை. புறஊதா–கட்புல ஒளி உறிஞ்சலை நாள்தோறும் பார்ப்பதும், புட்டியை ஒரே இடத்தில் வைத்துப் படம் எடுப்பதும் எளிய, நம்பகமான துணைகள். எல்லாவற்றையும்விட முக்கியம், சூடாக்கிக் குளிர்வித்த பிறகும், பம்ப்பில் பல மணி நேரம் ஓடிய பிறகும் திரும்ப அளப்பது. மேசையில் அசையாமல் மூன்று மாதம் நின்ற திரவம் பம்ப்பில் ஒரு நாள் தாங்காமல் போவது உண்டு.

படி 4: நான்கு பண்புகளை அளப்பது

கடத்துத்திறனுக்கு நிலையற்ற சூடான கம்பி முறைதான் பரவலாகப் பயன்படுகிறது. மெல்லிய பிளாட்டினம் கம்பியை மின்னோட்டத்தால் சூடாக்கி, வெப்பநிலை ஏறும் வேகத்திலிருந்து கணக்கிடுவது. திரவம் தானாகப் புரளத் தொடங்குவதற்கு முன், ஓரிரு நொடிகளுக்குள் அளவீடு முடிந்துவிட வேண்டும். மின்கடத்தும் திரவம் என்றால் கம்பிக்கு மின்காப்பு உறை தேவை. தொடங்குமுன் நீரை அளந்து 25 டிகிரியில் 0.607 வருகிறதா, டொலுயீனை அளந்து 0.131 வருகிறதா என்று பாருங்கள். உங்கள் கருவியின் பிழை 5 சதவீதம், நீங்கள் தேடும் விளைவு 3 சதவீதம் என்றால், அந்தக் கருவியால் இந்த ஆய்வைச் செய்ய முடியாது. இதை முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது.

பாகுநிலையை அலட்சியமாக விட்டுவிடாதீர்கள். இந்தத் துறையில் தீர்ப்பு எழுதுவது அதுதான். ஐன்ஸ்டைன் 1906-இல் எழுதி 1911-இல் திருத்திய சமன்பாட்டின்படி 1 சதவீதத் துகளுக்குப் பாகுநிலை 2.5 சதவீதம் கூட வேண்டும். நடைமுறையில் இதைப்போலச் சில மடங்கு கூடுவதே வழக்கம், ஏனென்றால் திரள்கள் தங்களுக்குள் நீரைச் சிறைபிடித்து உண்மை அளவைவிடப் பெரிய துகளாக நடந்துகொள்கின்றன. ரியோமீட்டரில் (பாகுநிலை அளக்கும் கருவி) பல வெட்டு வீதங்களில், அதாவது திரவ அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று நகரும் பல வேகங்களில், அளந்து, குறைந்த வீதத்தில் பாகுநிலை மேலே போகிறதா என்று கவனியுங்கள். போனால் திரள் இருக்கிறது என்று அர்த்தம்.

அடர்த்தி எளிது, கன அளவு விகிதத்தில் கூட்டினால் சரியாக வரும். வெப்ப ஏற்புத்திறனில்தான் ஒரு பழைய தவறு இன்னும் சுற்றி வருகிறது. அதைக் கன அளவு விகிதத்தில் நேரடியாகச் சராசரி எடுக்கக் கூடாது. அடர்த்தியால் பெருக்கித்தான் எடுக்க வேண்டும். கன அளவில் 1 சதவீத அலுமினா–நீருக்குச் சரியான முறை ஏறக்குறைய 3 சதவீதக் குறைவைத் தரும். தவறான முறை 1 சதவீதத்துக்கும் கீழே காட்டும்.

படி 5: குழாயை வாங்குமுன் தாளில் ஒரு கணக்கு

நான்கு பண்புகளும் கையில் இருந்தால், கொந்தளிப்பு ஓட்டத்தில் இந்தத் திரவம் நீரை வெல்லுமா என்பதைப் பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். மூரோம்ட்செஃப் எண் என்று ஒன்று உண்டு: அடர்த்தியின் 0.8 அடுக்கு, கடத்துத்திறனின் 0.67 அடுக்கு, வெப்ப ஏற்புத்திறனின் 0.33 அடுக்கு மூன்றையும் பெருக்கி, பாகுநிலையின் 0.47 அடுக்கால் வகுக்க வேண்டும். ஒரே வேகத்தில் ஓடும் இரண்டு திரவங்களில் எது அதிக வெப்பம் கடத்தும் என்பதை இது காட்டும்.

1 சதவீத அலுமினா–நீருக்குப் போட்டுப் பார்ப்போம். அடர்த்தி 3 சதவீதம் கூடுதல், கடத்துத்திறன் 3 சதவீதம் கூடுதல், வெப்ப ஏற்புத்திறன் 3 சதவீதம் குறைவு. பாகுநிலை ஐன்ஸ்டைன் சொன்ன 2.5 சதவீதமே கூடினால், நீரைவிட 2 சதவீதம் லாபம். பாகுநிலை 10 சதவீதம் கூடினால், நீரைவிட 1 சதவீதம் நட்டம்! பம்ப்புக்கு வேண்டிய அழுத்தம் வேறு 4, 5 சதவீதம் ஏறியிருக்கும். லாபமா நட்டமா என்பதைக் கடத்துத்திறன் தீர்மானிக்கவில்லை, நீங்கள் படி 3-இல் எவ்வளவு நன்றாகப் பரப்பினீர்கள் என்பது தீர்மானிக்கிறது.

சீரான ஓட்டத்துக்கு இன்னும் எளிய சோதனை: பிரஷரும் உடன் ஆய்வாளர்களும் 2006-இல் காட்டியபடி, பாகுநிலை உயர்வு கடத்துத்திறன் உயர்வைப்போல் நான்கு மடங்கைத் தாண்டினால் அந்தக் கலவையால் பயனில்லை.

படி 6: ஓட்டச் சுற்றும் அதில் உள்ள பெரிய பொறியும்

பல கட்டுரைகள் நீரையும் நானோ திரவத்தையும் ஒரே ரெனால்ட்ஸ் எண்ணில் (வேகம், அடர்த்தி, குழாய் விட்டம் மூன்றையும் பெருக்கிப் பாகுநிலையால் வகுத்த எண்) ஒப்பிடுகின்றன. பார்க்க நியாயமாகத் தெரியும். உண்மையில் இது நானோ திரவத்துக்குச் செய்யும் சலுகை. பாகுநிலை 10 சதவீதமும் அடர்த்தி 3 சதவீதமும் கூடிய திரவத்துக்கு அதே ரெனால்ட்ஸ் எண் வர வேண்டுமானால், அதை ஏறக்குறைய 7 சதவீதம் வேகமாக ஓட்ட வேண்டும். அந்த வேகத்தாலேயே வெப்பப் பரிமாற்றக் கெழு 5 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். பம்ப்பின் திறன் தேவையோ 25 சதவீதம் ஏறும். நீரையே 7 சதவீதம் வேகமாக ஓட்டியிருந்தாலும் அந்த உயர்வு கிடைத்திருக்கும், துகளே தேவையில்லை. ஆகவே ஒரே பம்ப் திறனில் ஒப்பிட்டு ஒரு வரைபடமாவது கட்டாயம் போடுங்கள்.

மற்றவை வழக்கமான கவனங்கள். சீரான ஓட்டத்தில் வெப்ப நுழைவு நீளம் குழாய் விட்டத்தைப்போல் 0.05 × ரெனால்ட்ஸ் எண் × பிராண்டில் எண் (வெப்ப ஏற்புத்திறனையும் பாகுநிலையையும் பெருக்கிக் கடத்துத்திறனால் வகுத்த எண்) மடங்கு இருக்கும்; 4 மில்லிமீட்டர் குழாயில், ரெனால்ட்ஸ் 1000, பிராண்டில் 6 என்றால் அதுவே 1.2 மீட்டர். குட்டையான குழாயை வைத்துக்கொண்டு 4.36 என்ற முழு வளர்ச்சி நஸ்ஸெல்ட் எண்ணோடு (வெப்பப் பரிமாற்றக் கெழுவின் அலகில்லா வடிவம்) ஒப்பிட்டால் நீரே 'அதிசயத் திரவம்' ஆகிவிடும். மின்சாரமாக உள்ளே போன வெப்பமும் திரவம் எடுத்துச் சென்ற வெப்பமும் சில சதவீதத்துக்குள் ஒத்துப்போக வேண்டும். முதலில் நீர், பிறகு நானோ திரவம், கழுவிய பிறகு மறுபடியும் நீர் என்ற வரிசையை விடாதீர்கள். கடைசி நீர் முதல் நீரோடு ஒத்துப்போகவில்லை என்றால் குழாய்ச் சுவரில் துகள் படிந்துவிட்டது.

கொதித்தல் ஆய்வுகளில் இந்தப் படிவுதான் கதாநாயகன். 2003-இல் அலுமினா–நீரில் உச்ச வெப்பப் பாய்வு (கொதிக்கும் பரப்பு தாங்கக்கூடிய அதிகபட்ச வெப்பப் பாய்வு) நீரைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு வந்ததாக அறிவித்தார்கள். திரவத்தின் பண்பு அவ்வளவு மாறவில்லை. சூடேற்றியின் மேல் துகள் நுண்துளைப் படலமாக ஒட்டிக்கொண்டு, பரப்பை நீர் நன்றாக நனைக்கும்படி மாற்றிவிட்டது என்று பிற்பாடு தெளிவானது. அப்படியானால் பரப்பை முன்கூட்டியே பூசிவிட்டு வெறும் நீரை ஊற்றலாமே என்று கேட்டால், நல்ல கேள்வி. அது தனி ஆய்வுத் தலைப்பாகவே ஆகிவிட்டது.

படி 7: மசகு எண்ணெய்க்கு மாறும்போது கேள்வி மாறுகிறது

ஹோம்பெர்க்கும் எர்டெமிரும் 2017-இல் கணித்தபடி, உலகின் மொத்த ஆற்றல் பயன்பாட்டில் ஏறக்குறைய 23 சதவீதம் உராயும் பரப்புகளில்தான் போகிறது. அதில் 20 உராய்வை வெல்ல, 3 தேய்ந்த பாகங்களை மறுபடி செய்ய. ஆகவே சிறு முன்னேற்றத்துக்கும் மதிப்பு உண்டு.

வெப்பத் திரவத்தில் துகள் திரவம் முழுக்கப் பரவி வேலை செய்கிறது. எண்ணெயில் அப்படியில்லை, பரப்புகள் கிட்டத்தட்டத் தொட்டுக்கொள்ளும் இடத்தில் மட்டும்தான் அதற்கு வேலை. வேகமும் சுமையும் மாறும்போது உராய்வு எப்படி மாறுகிறது என்று காட்ட ரிச்சர்ட் ஸ்ட்ரைபெக் 1902-இல் தந்த வளைவை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்ப் படலம் பரப்பின் மேடுபள்ளத்தைவிட மூன்று மடங்குக்கு மேல் தடித்திருந்தால் உலோகங்கள் தொடுவதே இல்லை. அங்கே துகள் சேர்ப்பது பாகுநிலையைக் கூட்டுவதைத் தவிர வேறொன்றும் செய்யாது. படலம் மேடுபள்ளத்தைவிட மெலிந்த எல்லை நிலையிலும், நடுவே உள்ள கலப்பு நிலையிலும்தான் துகளுக்கு இடம். நீங்கள் சோதிக்கும் வேகமும் சுமையும் வளைவின் எந்தப் பகுதியில் இருக்கின்றன என்று கணக்கிட்டு எழுதாமல் "உராய்வு 20 சதவீதம் குறைந்தது" என்று சொன்னால் அதற்குப் பொருளில்லை.

துகள் எப்படி உதவுகிறது என்பதற்கு நான்கு விளக்கங்கள் திரும்பத் திரும்ப வரும்: பேரிங் குண்டுபோல் உருள்கிறது, பரப்பில் பாதுகாப்புப் படலம் அமைக்கிறது, கீறல்களை நிரப்புகிறது, மேடுகளை மெருகேற்றுகிறது. முதல் விளக்கம்தான் படத்துக்கு அழகு, நிரூபிக்கக் கடினமும் அதுவே. டங்ஸ்டன் டைசல்பைடின் வெங்காய அடுக்குத் துகள்களை 1992-இல் ரெஷெஃப் டென்னேயின் குழு வெளியிட்டது. பின்னாளில் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குள்ளேயே ஒற்றைத் துகளை அழுத்தி நகர்த்திப் பார்த்தபோது உருளல், வழுக்கல், அடுக்கு உரிதல் மூன்றுமே தெரிந்தன. அழுத்தம் ஏறினால் உரிதல் மேலோங்கியது. எந்த விளக்கத்தையும் தேர்ந்தெடுக்குமுன் தேய்ந்த தடத்தைப் பார்த்தாக வேண்டும்.

படி 8: எண்ணெயில் கலப்பதும் ஒப்பீட்டு மாதிரிகளும்

எண்ணெயில் மின்விலக்கம் பெரிதாக வேலை செய்யாது; துகளுக்கு எண்ணெயோடு ஒட்டும் உறை வேண்டும். ஓலியிக் அமிலம் பரவலான தேர்வு. செறிவு எடையில் 0.1 முதல் 1 சதவீதத்துக்குள் ஒரு நல்ல புள்ளி பெரும்பாலும் கிடைக்கும். அதைத் தாண்டினால் திரள்கள் உராய்பொருளாகி, தேய்மானம் திரும்ப ஏறும். குறைந்தது நான்கைந்து செறிவுகளில் சோதித்தால்தான் அந்தத் திருப்பம் தெரியும்.

ஒப்பீட்டு மாதிரிகள் இங்கே இன்னும் கூடுதல்: வெறும் அடிப்படை எண்ணெய், அதே அளவு சோனிகேட் செய்த அடிப்படை எண்ணெய், ஏனென்றால் அந்தச் சூட்டில் எண்ணெயே ஆக்சிஜனேற்றம் அடையக்கூடும், ஓலியிக் அமிலம் மட்டும் சேர்த்த எண்ணெய், ஏனென்றால் அதுவே நல்ல உராய்வுக் குறைப்பான், கடைசியாக, கடையில் கிடைக்கும் முழுமையாகத் தயாரித்த எண்ணெய். இந்தக் கடைசி மாதிரியைப் பலர் தவிர்க்கிறார்கள், காரணம் புரிகிறது. வெறும் எண்ணெயை வெல்வது சுலபம். 1940-களிலிருந்து பயன்படும் தேய்மானத் தடுப்புச் சேர்மமான துத்தநாக டைஆல்கைல்டைதயோபாஸ்பேட் கலந்த எண்ணெயை வெல்வதுதான் கடினம். அது பரப்பில் தானே 50 முதல் 150 நானோமீட்டர் தடிமனுள்ள காப்புப் படலம் அமைத்துக்கொள்ளும். அதோடு சேர்த்தால் உங்கள் துகள் உதவுகிறதா, அந்தப் படலத்தைச் சுரண்டுகிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

படி 9: உராய்வுச் சோதனையும் தடத்தைப் படிப்பதும்

மூன்று நிலையான குண்டுகளின் மேல் நான்காவதைச் சுமையோடு சுழற்றும் நான்கு குண்டுச் சோதனை பரவலானது. ஏஎஸ்டிஎம் டி4172 என்ற தரச் சோதனை முறையில் 12.7 மில்லிமீட்டர் எஃகுக் குண்டுகள், 75 டிகிரி, நிமிடத்துக்கு 1200 சுற்று, 60 நிமிடம், 15 அல்லது 40 கிலோ சுமை. தேய்ந்த தழும்பின் விட்டத்தைச் சொல்லும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: 40 கிலோ சுமையில் தேய்மானமே இல்லாவிட்டாலும் மீள்தன்மை அழுத்தத்தால் மட்டும் தொடுபரப்பின் விட்டம் 0.3 மில்லிமீட்டர் இருக்கும். 0.6 என்பது 0.5 ஆனால் குறைவு 17 சதவீதம் என்று எழுதுவது துகளுக்கே அநியாயம். தேய்ந்த கன அளவு ஏறக்குறைய விட்டத்தின் நான்காம் அடுக்கோடு மாறும் என்பதால் அதை நேரடியாக அளந்து சொல்லுங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் குறைந்தது மூன்று முறை ஓட்டுங்கள். உராய்வுச் சோதனையில் எண்கள் சிதறுவது இயல்பு.

தடத்தைப் படிக்குமுன் எண்ணெயைக் கழுவுவதிலும் பிரச்சினை இருக்கிறது. மெதுவாகக் கழுவினால் தளர்வாக ஒட்டிய துகளைப் படலம் என்று எண்ணிவிடுவோம். அல்ட்ராசோனிக் தொட்டியில் கடுமையாகக் கழுவினால் உண்மைப் படலமே போய்விடலாம். இரண்டு விதமாகவும் கழுவி, இரண்டையும் பாருங்கள். தனிம வரைபடத்தில் துகளின் தனிமம் தெரிவது மட்டும் போதாது. அது தடத்துக்குள் கூடுதலாகவும் வெளியே குறைவாகவும் இருக்க வேண்டும். ராமன் நிறமாலையும் எக்ஸ்-கதிர் ஒளிமின் நிறமாலையும் அது எந்த வேதி வடிவில் இருக்கிறது என்று சொல்லும். மெருகேற்றல் என்று வாதாடப் போகிறீர்கள் என்றால் சோதனைக்கு முன்பும் பின்பும் பரப்பின் சொரசொரப்பு அளவு வேண்டும். அது இல்லாமல் அந்த வாதம் நிற்காது.

படி 10: நீண்ட ஓட்டமும் கழிவும்

ஒரு மணி நேரச் சோதனையில் வென்றதை இன்னும் நீளமாக ஓட்டுங்கள். வடிகட்டியைத் திறந்து எவ்வளவு துகள் சிக்கியிருக்கிறது என்று எடை போடுங்கள். பம்ப்பின் சீலையும் இம்பெல்லரையும் நுண்ணோக்கியில் பாருங்கள். ஓடிய திரவத்தில் மீதி எவ்வளவு துகள் இருக்கிறது என்று உலர்த்தி எடை எடுத்துப் பாருங்கள். தொடக்கத்தில் 1 சதவீதம் என்று ஊற்றியது முடிவில் 0.6 ஆகியிருந்தால், உங்கள் வரைபடத்தின் எல்லாப் புள்ளிகளுக்கும் கீழே எழுதியிருக்கும் செறிவு தவறு.

கட்டுரையில் துகள் வாங்கிய வடிவம், அடர்த்தி, பிஎச், மில்லிலிட்டருக்கான சோனிகேஷன் ஆற்றல், சர்ஃபாக்டன்ட்டின் எடை விகிதம், தயாரித்து எத்தனை நாளுக்குப் பின் அளந்தீர்கள் என்பவற்றை ஒரு அட்டவணையாகக் கொடுங்கள். பலனில்லாமல் போன செறிவுகளின் முடிவுகளையும் அதிலேயே சேருங்கள்.

மீந்த திரவத்தைக் கழுவுதொட்டியில் ஊற்ற வேண்டாம். நீர்க் கலவை என்றால், பிஎச்சை மின்சுமை பூஜ்யமாகும் புள்ளிக்குக் கொண்டுவந்தால் துகள் தானே திரண்டு அடியில் படியும். தெளிந்த நீரைப் பிரித்துவிட்டு, சேறு காய்ந்து தூளாவதற்கு முன் ஈரமாகவே மூடிய கலத்தில் போட்டுப் பெயர்ச்சீட்டு ஒட்டிக் கழிவுப் பிரிவிடம் கொடுங்கள். பிரித்த நீரில் சர்ஃபாக்டன்ட்டும் அமிலமும் இருக்கும் என்பதால் அதுவும் தனிக் கலத்துக்குத்தான். எண்ணெய்க் கலவைக்கு இந்த வித்தை பலிக்காது. அதைத் துகளோடு சேர்த்தே பயன்படுத்திய எண்ணெய்க் கலத்தில் தனியாக வைத்து, உள்ளே என்ன துகள் இருக்கிறது என்று வெளியே எழுதிவிடுங்கள்.